மரவள்ளி காத்ததா? கீரை காத்ததா? – ஜப்பானியர் காலத்துச் சமையற்கட்டு



வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே சத்துள்ள உணவு சமைப்பது எப்படி என்று புத்தகங்களும் தொலைக்காட்சியும் இன்று நமக்குக் கற்பிக்கின்றன. நம் முன்னோருக்கு மூன்றரை ஆண்டுக் காலம் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அக்காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரி போதுமானதா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

அரிசி ஏன் மறைந்தது?

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. போருக்கு முன்பு மலாயா மக்கள் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்தது. ரப்பரையும் ஈயத்தையும் விற்று அரிசி வாங்கிய நாடு இது. போரினால் விற்பனையும் நின்றது, கப்பல்களும் அருகின. சிங்கப்பூரில் பங்கீட்டு அரிசி படிப்படியாகக் குறைந்து, ஆடவருக்கு மாதம் 8 கட்டி, பெண்டிருக்கு 6, பிள்ளைகளுக்கு 4 என்ற நிலைக்கு இறங்கியது. ஒரு கட்டி என்பது சுமார் 600 கிராம். அப்படியென்றால் உழைக்கும் ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 160 கிராம் அரிசிதான்! கள்ளச்சந்தையில் அரிசி இருந்தது. ஆனால் 'வாழைமர நோட்டு' நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தது.

தோட்டத்துத் தமிழரின் நிலை இன்னும் கொடியது. ரப்பருக்குச் சந்தை இல்லாததால் மரவெட்டும் இல்லை, கூலியும் இல்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவே இல்லை. எனவே, பல லயங்களில் அடுப்பும் பிள்ளைகளும் பெண்களின் தனிப்பொறுப்பாயின.

வயிறு நிறைந்தது, உடல் தேறவில்லை

'உணவுப் பயிர்களை அதிகம் விளைவியுங்கள்' என்று ஆட்சியாளர்கள் வற்புறுத்தினர். வீட்டு முற்றங்களிலும் தோட்ட நிலங்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் பயிராயின. குச்சியை வெட்டி ஊன்றினாலே வளரும் பயிர் மரவள்ளி. அதனை அவித்தும், மாவாக்கி ரொட்டி சுட்டும், நூடல்ஸ் செய்தும் உண்டனர்.

ஆயினும் மரவள்ளிக்கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தே. புரதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். தோலை நீக்கி நன்றாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள சயனைடு நஞ்சும் தீங்கு செய்யும். அதை மட்டுமே நம்பியவர்களிடையே கால் வீக்கமும் ஆறாத புண்களும் பெரிபெரி நோயும் பரவின. ஆகவே, பிழைத்தவர்களைக் கிழங்கு மட்டுமே காப்பாற்றியது என்று சொல்வது பொருந்தாது.

மலாயாவே கண்டறிந்த உண்மை

இங்கே ஒரு முப்பது, நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெரிபெரிக்கும் அரிசிக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்ட இடங்களுள் நம் நாடும் ஒன்று என்பது பலர் அறியாதது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டுவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது அரிதாகவே தீண்டுவதையும் கவனித்து, 1907இல் நூலாக வெளியிட்டார். கெட்டுப்போன அரிசியில் தோன்றும் நஞ்சே காரணம் என்று அவர் கருதினார். அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் சாலை வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். அரிசியைத் தீட்டும்போது உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று கழிந்துபோகிறது என்று நிறுவினர். 'வைட்டமின்' என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது!

நெல்லை உமியோடு புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. நம் பாட்டிமாருக்கு இந்த விளக்கம் தெரியாது, பழக்கம் தெரியும். போர் அந்தப் புழுங்கலரிசியையும் பறித்தபோது, வேறு துணைகளைத் தேட வேண்டியதாயிற்று.

இலையில் துணை நின்றவை

அத்துணைகள் வீட்டைச் சுற்றியே இருந்தன.

மரவள்ளிக் கொழுந்து: கிழங்கில் குறைவாக உள்ள புரதமும் வைட்டமின்களும் அதன் இலையில் மிகுதியாக உண்டு. அதையும் நன்றாக அவித்து, நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும்.

சர்க்கரைவள்ளிக் கொழுந்து, முருங்கைக்கீரை, கங்கோங்: விலையில்லாமல் கிடைத்த இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் இவை.

சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய்: அதன் சிவப்பு நிறமே கரோட்டின். கண்ணுக்குக் காவல்.

நெத்திலிக் கருவாடு: எலும்போடு உண்பதால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ஒருங்கே கிடைக்கும்.

கேழ்வரகுக் கூழ்: தவிடு நீங்காத தானியம். சுண்ணாம்புச்சத்தில் அரிசி இதன் அருகில் நிற்காது.

கஞ்சி: பி1 சத்து நீரில் கரைவது. சோற்றை வடித்தால் அது நீரோடு போய்விடும். கஞ்சியாகக் குடித்தால் வயிற்றுக்குள் சேரும். பிடி அரிசியைப் பலர் பகிர்ந்துகொள்ளவும் அதுவே வழி.

ஆக, கிழங்கு பசியை அடக்கியது. அதன் பக்கத்தில் இருந்த கீரையும் கருவாடும் கூழும் உடலைத் தாங்கின. எது கிடைக்கவில்லை என்பதை அப்பெண்களால் மாற்ற இயலவில்லை. எதனோடு எதைச் சேர்ப்பது என்பதை மட்டும் அவர்களால் முடிவு செய்ய இயன்றது. அதற்கும் வழியில்லாத குடும்பங்கள் பல இருந்தன என்பதையும் மறத்தலாகாது. ஆகவே அக்காலத்தை இனிய நினைவாகப் போற்றுவது என் நோக்கமன்று.

போர்த்தளபதிகளின் பெயர்கள் பாடநூலில் உள்ளன. இந்தச் சமையலறிவு நூல்களில் அரிதாகவே உள்ளது. 1942இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். உங்கள் குடும்பத்தில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், இவ்விடுமுறையில் பிள்ளைகளை அவரருகே அமர்த்துங்கள். 'மரவள்ளி தின்றீர்களா, பாட்டி?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற ஒரு சொல்லே விடையாக வரும். 'அதனோடு என்ன வைத்துத் தின்றீர்கள்?' என்று கேட்கச் சொல்லுங்கள். வரும் விடையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.