இவத்தான் மக்களின் கல்வீடு

பிலிப்பைன்ஸின் லூஸான் தீவுக்கும் தைவானுக்கும் இடைப்பட்ட கடலில், ஆண்டுதோறும் பசிபிக் சூறாவளிகள் செல்லும் மார்க்கத்திலேயே அமைந்துவிட்ட பத்தானெஸ் தீவுகளுக்குப் போகிறவர்கள், அங்குள்ள இவத்தான் மக்களின் கல்வீடுகளைக் கண்டு, இவை அநாதிகாலந்தொட்டு இப்படியே நின்றவை என்று எண்ணி வியப்பதுண்டு. உண்மை அதுவன்று. 1687-இல் அங்கே தங்கிச் சென்ற ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் கண்டவை, மிலாறுகளைப் பின்னி நாலரை அடிக்கு மேற்படாமல் எழுப்பிய சுவர்களும், ஏழெட்டடி உயரத்தில் முகடும் கொண்ட சிறு குடிசைகளே. காற்று மோதுவதற்கு இடங்கொடாமல் தரையோடு ஒட்டிக் கிடப்பதே அக்காலத்து யுக்தி.

1783-இல் பிலிப்பைன்ஸ் கவர்னர் ஹோஸே பாஸ்கோ இத்தீவுகளை ஸ்பானிய ராஜ்யத்தோடு சேர்த்த பின்னரே, சுண்ணாம்புச் சாந்தால் கல்லடுக்கிக் கட்டும் வித்தை அங்கே பரவியது. அதைக் கற்றுக்கொண்ட இவத்தானியர் அந்நிய மாதிரியை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. சுவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு எழுப்பினார்கள். மூன்று புறங்களில் சிறு சாளரங்களை வைத்து, பெருங்காற்று வரும் திக்கை நோக்கிய நாலாவது சுவரை மட்டும் துவாரமின்றி மூடினார்கள். கூரைக்கோ பழைய புல்லையே வைத்துக்கொண்டார்கள். கோகன் என்னும் அந்தப் புல் வேறொன்றுமன்று, நம்மவர் வைதிகச் சடங்குகளுக்குத் தேடும் தர்ப்பையின் இனமே. அதைப் படலம் படலமாக அடுக்கி, பிரம்பால் இறுக்கிக் கட்டிய கூரை, பழுதின்றி வேயப்பட்டால் ஒரு தலைமுறைக் காலம் தாங்கும். அவ்வளவு பெரிய வேலை ஒரு குடும்பத்தால் ஆகாதாகையால், அயலார் கூலி பெறாமல் வந்து வேய்ந்து கொடுப்பதும், வீட்டுக்காரர் அவர்களுக்கு அன்னமிடுவதும், பிறகு அவர்கள் முறை வரும்போது இவர் போய் உழைப்பதும் வழக்கமாயின.

இங்ஙனம் வீட்டைக் கட்டும்போதே ஆயத்தத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுவதால், சூறாவளி நெருங்கும் நாளில் செய்யவேண்டியது சொற்பமே. சாளரக் கதவுகளை அடைத்துத் தாழிட்ட பின், தடித்த கயிற்றால் பின்னிய வலையைக் கூரையின் மேல் வீசிப் போர்த்தி, அதன் நுனிகளை இறவாணத்துக்குக் கீழே இழுத்து, தரையில் ஆழப் பதித்த முளைகளில் இறுகக் கட்டுவார்கள். சுவரை அசைக்கமாட்டாத காற்று கூரையின் அடியில் புகுந்து தூக்கிவிடுமென்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

ஆனால் 2019 ஜூலை 27 அன்று பத்தானெஸைச் சேர்ந்த இத்பாயத் தீவில் பூமி அதிர்ந்தபோது, எத்தனையோ புயல்களைத் தாங்கிய கனத்த சுவர்கள் பல சரிந்தன; ஒன்பது பேர் மாண்டனர். அதற்காகக் கட்டியவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. ஆண்டு தவறாமல் வந்த சத்துரு காற்றே ஆகையால், அவர்கள் காற்றுக்கென்றே கட்டினார்கள்.