ஆடாதோடை: ஓர் இலையும் அதனிடம் கேட்கப்பட்ட கேள்விகளும்

மூலிகை இலைச்சாறு பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பல ஒரே தொடருடன் தொடங்குகின்றன: இத்தாவரம் மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அடுத்த தொடரிலேயே ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனும் அழற்சி எதிர்ப்புத் திறனும் வந்துவிடுகின்றன. யார், எந்த நோய்க்கு, எப்பெயரிட்டு அதைப் பயன்படுத்தினர் என்பது இவ்விரு தொடர்களுக்கும் இடையே மறைந்துபோகிறது. மொழியியல் வழியாக ஆய்வுக்குள் வந்த எனக்கு அந்த இடைவெளியே வரலாறாகத் தோன்றுகிறது. ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம்.

வடமொழியில் வாசா, வாசகம், இந்தியில் அடூசா, வங்காளத்தில் பாசக், மலையாளத்தில் ஆடலோடகம். ஆயுர்வேதமும் சித்தமும் இதனை முதன்மையாக இருமல், இரைப்பு, இரத்தக்கசிவு ஆகியவற்றுக்கே பயன்படுத்தின. ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை எனத் தமிழில் பெயர்க்காரணம் சொல்வர். இது பிற்காலத்து விளக்கமாகவே இருக்கலாம். ஆயினும் அதனுள் ஓர் உற்றுநோக்கல் உண்டு. கால்நடைகள் இக்கசப்பு இலையை ஒதுக்கிச் செல்கின்றன.

1670களில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பால் ஹெர்மன் அத்தீவின் தாவரங்களைத் திரட்டினார். அத்தொகுப்பைக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். 1753இல் அவர் இச்செடிக்கு இட்ட பெயர் ஜஸ்டிசியா ஆடாதோடா. முற்பாதி ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர் ஜேம்ஸ் ஜஸ்டிஸைக் குறிக்கிறது. பிற்பாதி நம் மண்ணின் வழக்குச்சொல். பின்னர் நீஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர் இதனை ஆடாதோடா வாசிகா என மாற்ற, வடமொழிப் பெயரும் உடன் சேர்ந்தது.

உதகமண்டலத்தில் அரசின் சிங்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888இல் இவ்விலையின் வேதியியலை ஆராய்ந்தார். அதில் கண்ட அல்கலாய்டுக்கு வாசிசின் என்று பெயரிட்டார். உடனிருந்த அமிலம் ஆடாதோடிக் அமிலம் எனப்பட்டது. இரு மொழி மரபுகளும் ஆய்வகத்துக்குள் புகுந்த தருணம் அது. வாசிசினின் அமைப்பைத் தழுவி 1960களில் புரோம்ஹெக்சின் உருவானது. அதன் வழியே ஆம்ப்ராக்சால் வந்தது. இரண்டும் சளியை இளக்கும் மருந்துகள். மரபு மருத்துவர் கேட்ட கேள்வியையே வேதியியலும் கேட்டது, விடையும் கிடைத்தது.

இன்றைய கட்டுரைகள் பல வேறு கேள்வியைக் கேட்கின்றன. 1958இல் அறிமுகமான டி.பி.பி.எச். சோதனையில் ஊதாக் கரைசல் வெளிறினால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு உண்டு என்பர். 1962இல் விவரிக்கப்பட்ட மற்றொரு முறையில், காரஜீனன் செலுத்தப்பட்ட எலியின் பாத வீக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பர். முதற்கட்ட வடிகட்டலுக்கு இவை பயன்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஃபீனால் சேர்மங்கள் பெரும்பாலான பச்சை இலைகளில் உள்ளன. ஆகவே ஊதா வெளிறுவது ஆடாதோடையின் தனித்தன்மையைக் காட்டாது; அது ஓர் இலை என்பதையே காட்டும்.

மரபு மருத்துவத்தில் பயன்பட்டது என்று எழுதும்போது, எந்த நோய்க்கு, எந்தப் பகுதியில், எந்தப் பெயரில் என்று மூன்று சொற்களேனும் சேர்த்து எழுதுவோம். வட்டாரப் பெயர் என்பது கட்டுரையின் முகப்புக்கான அலங்காரம் அன்று. அந்த இலையை முதலில் ஆய்ந்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற ஆய்வுக் குறிப்பு அது.