கறை படியாத வலி

நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சி, 1981ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று, நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸிலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற வேதியியல் அறிஞர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். எக்ஸைமர் லேசரின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் திசு துல்லியமாக அகன்றது. சுற்றியிருந்த பகுதி கருகவில்லை. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் தொடர்ந்த அந்த ஆய்விலிருந்தே, கோடிக்கணக்கானோரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய மருத்துவம் பிறந்தது. மூவரும் 2013இல் வெள்ளை மாளிகையில் அதற்கான தேசியப் பதக்கம் பெற்றனர்.

இந்த வரலாற்றை வெற்றியின் கதையாகவே நாம் படித்திருக்கிறோம். அதனுள்ளே இன்னொரு வரலாறும் உண்டு. அது வலியின் வரலாறு. வலியைவிட, அது நம்பப்படாததன் வரலாறு என்பதே சரி.

கத்தியால் பார்வையைத் திருத்தும் ஆசை லேசருக்கு மூத்தது. ஜப்பானிய மருத்துவர் ட்சுதோமு சாட்டோ, 1939 முதல், கார்னியா என்னும் கருவிழிப்படலத்தில் ஆரவடிவில் கீறல்களிட்டுக் கிட்டப்பார்வையைக் குறைக்க முயன்றார். பார்வை தெளிந்தது. ஆனால் படலத்தின் உட்புறத்தில் உள்ள ஒற்றை அடுக்கு உயிரணுக்களே அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பது அன்று பரவலாக உணரப்பட்டிருக்கவில்லை. கீறல்கள் அவற்றைச் சிதைத்திருந்தன. பல ஆண்டுகள் கழித்து, அவரிடம் சிகிச்சை பெற்ற பலரின் கண்கள் வீங்கி மங்கின. 1970களில் மாஸ்கோவின் ஸ்வியாதோஸ்லாவ் ஃபியோதரவ் வெளிப்புறக் கீறல்களால் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். அமெரிக்காவில் அதைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தபோது, 43 விழுக்காட்டுக் கண்கள் ஒரு டயாப்டர் அல்லது அதற்கு மேல் தூரப்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தன. கண் தன் கணக்கை மெதுவாகவே முடிக்கிறது என்பதை இவ்விரு அனுபவங்களும் சொல்லின.

லேசிக் வந்தது 1990ஐ ஒட்டி. கிரேக்கத் தீவான கிரீட்டில் இயோனிஸ் பல்லிகாரிஸ் அதற்கு உருவம் கொடுத்தார். அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள கார்னியாவின் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டி, புத்தகப் பக்கத்தைப் போல் புரட்டி, அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்கி, மடலை மூடிவிடுவது அதன் முறை. மறுநாளே பார்வை தெளியும். அந்த மடலோடு சேர்ந்து அறுபடுபவை நரம்புகள். உடலில் நரம்பு மிக அடர்ந்த இடங்களுள் ஒன்று கார்னியா. கண் உலர்வதை உணர்ந்து, கண்ணீர்ச் சுரப்பிக்குச் செய்தி அனுப்பி, இமையைச் சிமிட்டவைப்பவை அவைதாம். செய்தி அறுந்தால் நீர் குறைகிறது, கண் உலர்கிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இது தணிந்துவிடும். ஆயினும் அறுந்த நரம்பு அடர்த்தி பழைய நிலையை நெருங்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சிலருக்கு அது தணிவதேயில்லை. திரும்ப வளர்ந்த நரம்பு தவறான செய்திகளையே அனுப்புகிறது. மின்விசிறியின் காற்று முள்ளாகிறது. கணினித் திரை அனலாகிறது. இவர்கள் மருத்துவரிடம் போனால் என்ன நிகழும்? ஹெர்மன் ஸ்னெலன் 1862இல் வகுத்த எழுத்துப் பலகையைக் காட்டுவார்கள். கடைசி வரிவரை படிப்பார்கள். ஓட்டோ ஷிர்மர் 1903இல் தந்த காகிதப் பட்டையை இமைக்குள் செருகுவார்கள். அது போதிய அளவு நனையும். கண்ணின் மேற்பரப்புப் புண்களில் ஒட்டும் சாயத்தை இடுவார்கள். சாயம் எங்கும் ஒட்டாது. மூன்று சோதனைகளும் ஒரே குரலில் 'நலம்' என்கின்றன. நோயாளியின் வாய் மட்டும் மாறிச் சொல்கிறது. 'மனப்பிரமை' என்ற சொல் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

2008 ஏப்ரல் 25 அன்று, மேரிலாந்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கூட்டிய வெளிப்படைக் கூட்டத்தில் அந்த வாய்கள் பேசின. நிறைவடைந்தவர்கள் பேசினர், ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்பவர்களும் பேசினர், தற்கொலையில் மகனை இழந்த தந்தை ஒருவரும் பேசினார். 2009இல் பாஸ்டனின் பெர்ரி ரோசெந்தாலும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கறையற்ற கார்னியா வலி உண்மையா என்பதே அதன் தலைப்பின் கேள்வி. கறை என்று அவர்கள் குறித்தது அந்தச் சாயத்தை. பழுது மேற்பரப்பில் இல்லாமல் வலியைச் சுமக்கும் நரம்புகளிலேயே இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

இது புதிய ஞானமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கையிழந்தவர்கள் இல்லாத கை வலிக்கிறது என்றதை நம்பி, சைலஸ் வெயர் மிட்செல் 1871இலேயே அதற்கு மாய உறுப்பு என்ற பெயரிட்டிருந்தார். கைக்குக் கிடைத்த நம்பிக்கை கண்ணை வந்தடைய நூறாண்டுக்கும் மேலாயிற்று. 2017இல்தான் உலர்கண் நோயின் பன்னாட்டு வரையறையில் நரம்புணர்வுக் கோளாறும் ஒரு காரணமாக இடம்பெற்றது.

அமெரிக்க அரசின் ஆய்வு முடிவுகளும் அதே ஆண்டில் வெளியாயின. பங்கேற்றோரில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தம் பார்வையில் நிறைவு கண்டிருந்தனர். முன்பு உலர்கண் அறிகுறியே இல்லாதவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரையானோர் மூன்றாம் மாதத்தில் அவ்வறிகுறிகளைச் சொன்னார்கள். இரண்டும் உண்மை. முதலாவதை உரக்கச் சொல்லி இரண்டாவதை மெல்லச் சொன்னதே இவ்வரலாற்றின் குறை. நெடுநாள் வலி ஆயிரத்தில் சிலருக்கே என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சிலருள் ஒருவருக்கு விழுக்காடு என ஒன்றில்லை. அவருக்கு வலி முழுமையானது.

நாம் இச்சிகிச்சையைப் பழிக்க வரவில்லை. கிட்டப்பார்வைக்காரர் காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் துழாவாமல் சாளரத்தைப் பார்ப்பது சிறிய மகிழ்ச்சியன்று. நாம் கேட்பது ஒன்றே. முன்னரே நன்றாகச் சொல்லப்பட வேண்டும். பின்னர் வலிக்கிறது என்பவரின் சொல், கருவிகள் ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்கப்பட வேண்டும். சாட்டோவின் காலத்திலும் கருவிகள் 'நலம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன.