எம்டனின் நான்காவது புகைபோக்கி

கான்சாபுரத்துக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் சாமர்த்தியசாலி ஒருவனைப் பார்த்தால் எங்கள் ஊரில், "அவன் எம்டன் அல்லவா!" என்றுதான் சொல்வார்கள்.

சென்ற மாதம் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி அந்த ஜெர்மன் கப்பலின் சிறு உருவம் ஒன்றைச் செய்தேன். 350-இல் ஒரு பங்கு அளவு. 118 மீட்டர்க் கப்பல் 34 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது! 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய பீரங்கியின் துவாரம் இதில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

அசல் கப்பலுக்குப் புகைபோக்கி மூன்று. நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பலாக வேஷம் போட்டார் தளபதி முல்லர். அக்டோபர் 28-இல் பினாங்கு துறைமுகத்துக்குள் அப்படித்தான் புகுந்து, ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தார். நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' எம்டனின் கதையை முடித்தது.

போலியையும் செய்தேன், கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் அதைத்தான் ரசிக்கிறார்கள்.

இந்த அளவில் மனிதன் அரைச் சென்டிமீட்டர் உயரம். சென்னைத் துறைமுகத்தில் அன்றிரவு மாண்டவர்களும் அவ்வளவுதான் போலும்! அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பேச்சில் இல்லை. கொன்ற கப்பலின் பெயரோ பாராட்டாகவே நிலைத்துவிட்டது.