மோட்டார் வண்டியும் வெப்பமும்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தைக் கூற வந்தவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பற்றியே பேசிச் சென்றனர். ஆனால், அவ்வண்டி பிறந்த நாளிலேயே அதனுடன் ஒரு பகையும் பிறந்தது. அப்பகைதான் வெப்பம். எஞ்சினில் எரியும் எண்ணெய் தரும் சக்தியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஏறத்தாழ அதே அளவு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சினின் இரும்பிலேயே தங்க முயல்கிறது. அதனை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இல்லாவிடில் மசகெண்ணெய் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் உருளையோடு இறுகிக்கொள்ளும். வண்டி வழியிலேயே நின்றுவிடும்.

இந்த வெப்பத்தை மனிதன் எவ்வாறு வழிப்படுத்தினான், ஒவ்வொரு முறையும் எந்தப் புதிய கோளாற்றை எதிர்கொண்டான், அதனை எவ்வாறு பழுதுபார்த்தான் என்பதே நாம் இங்கு காணப்போவது. இதற்கு ஓர் உண்மையை முதலில் மனத்தில் கொள்ளல் வேண்டும். குளிர்ச்சி என்று தனியே ஒரு பொருளை யாரும் உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் விடுகிறோம், அவ்வளவே. நம் வீட்டு மண்பானை இதைத்தான் செய்கிறது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ராஜஸ்தானத்தில் ஜீப் வண்டிகளின் முன்புறத்தில் தொங்கவிட்டுச் சென்ற ‘சாகல்’ என்னும் கித்தான் நீர்ப்பையும் இதே தத்துவத்தில் அமைந்ததே.

ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியும் மண்பானையின் வழியையே பின்பற்றியது. எஞ்சினைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகும். குறைந்த நீரை மீண்டும் ஊற்றவேண்டும். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் அவ்வண்டியில் பயணமானார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் அதைக் குத்திச் சரிசெய்தார். வழிநெடுக, கிடைத்த இடத்திலெல்லாம் நீர் வாங்கி ஊற்றினார். நெடுவழியில் மோட்டார் வண்டியைப் பழுதுபார்த்த முதல் மெக்கானிக் என்று அந்த அம்மையாரைச் சொன்னால் அது மிகையாகாது.

நீரை ஆவியாக்கி இழப்பதற்குப் பதிலாக, அதே நீரைச் சுற்றிவரச் செய்து காற்றில் ஆறவிடலாம் என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது. டைம்லர் கம்பெனியின் நிபுணர் வில்ஹெல்ம் மைபாக் 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கிய மெர்சிடிஸ் வண்டியில், தேன்கூட்டைப் போன்ற ஒரு ரேடியேட்டரை அமைத்தார். அதில் 6 மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்றுப்படும் பரப்பு பெருகியதால், முன்பு 18 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானதாயிற்று. இன்றைய ரேடியேட்டருக்கு அதுவே மூதாதை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பெயரில் ஒரு வேடிக்கை தோன்றுகிறது. ரேடியேட்டர் என்பதை ‘கதிர்வீசி’ என்று தமிழாக்கலாம். ஆனால், அச்சாதனம் தன் வெப்பத்தில் சிறு பகுதியையே கதிராக வீசுகிறது. பெரும்பகுதியை ஓடும் காற்றே அள்ளிச் செல்கிறது. பெயரை நம்பியவன் ரேடியேட்டரின் உலோகத்தை மட்டும் ஆராய்வான். செயலை அறிந்தவனோ காற்று வரும் வழியையும் விசிறியையும் முதலில் பார்ப்பான். பழுதுபார்ப்பதில் பாதி அறிவு இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

நீரைச் சுற்றிவரச் செய்வது எவ்வாறு? 1908இல் வெளிவந்த ஃபோர்டு கம்பெனியின் ‘டி மாடல்’ வண்டியில், முதல் 2,500 வண்டிகள் அளவுக்குப் பம்பு வைத்துப் பார்த்தார்கள். பின்னர் அதனை நீக்கிவிட்டு, சூடான நீர் மேலே எழும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்னும் இயற்கை விதியையே நம்பினார்கள். பம்பு இல்லாததால் பம்பு கெடுவதும் இல்லை. ஆனால், நீரின் மட்டம் சிறிது குறைந்தாலும் சுழற்சி அறுந்துவிடும். எஞ்சின்களின் வலிமை பெருகப் பெருக, பிற்கால வண்டிகளில் பம்பு நிலைபெற்றது. அதனுடன் பெல்ட்டும், பெல்ட் அறுவதும், பம்பின் ஓரத்தில் நீர் கசிவதும் வந்து சேர்ந்தன. ஒரு குறையை நீக்கும் கருவி வேறொரு குறைக்கு வாயிலாவது இச்சரித்திரத்தில் அடிக்கடி காண்பது.

மலைப்பாதையில் இப்பகை மேலும் கொடியதாகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவிலும் உதகமண்டலத்திலும் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் சுமார் 88 டிகிரி போதும். ஏற்றத்தில் எஞ்சினுக்கு உழைப்பு மிகுதி. வண்டியின் வேகமோ குறைவு. வேகம் குறைந்தால் காற்று குறைவு. உயரத்தில் அக்காற்றும் மெலிந்திருக்கும். உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸடர் வண்டியில் மலையேறியவர்களுக்கு, வளைவு ஒன்றில் பானெட்டைத் திறந்துவைத்து ஆவி அடங்கக் காத்திருந்த அனுபவம் புதிதன்று.

இதற்குக் கண்ட மருந்து, ரேடியேட்டரின் வாயை அழுத்தமான மூடியால் அடைப்பது. காற்றழுத்தத்தைப் போல இருமடங்கு அழுத்தத்தில் நீர் 120 டிகிரி வரையில் கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் இந்தப் பயன் போய்விடும்; சிறு மூடிதானே என்று அதைப் புறக்கணித்து, பெரிய உறுப்புக்களைக் கழற்றிப் பார்ப்பவர்கள் பலர். இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சூடான எஞ்சினின் மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விட்டுப்போகிறது. அடக்கப்பட்டிருந்த நீர் முழுவதும் அக்கணமே பொங்கி மேலே பாய்கிறது. முகமும் கைகளும் வெந்துபோனவர்கள் எத்தனையோ பேர். எஞ்சின் நன்றாக ஆறும் வரையில் அம்மூடியைத் தொடலாகாது.

தென்னாட்டில் வளர்ந்த நமக்கு வெப்பம் ஒன்றே பகையாகத் தெரியும். வட இந்தியாவுக்கு வந்த பின்னரே குளிரின் கொடுமை புரிகிறது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. எஞ்சினின் வார்ப்பிரும்பையே பிளக்கும் வலிமை அதற்கு உண்டு. ஆகவே, பனிநாடுகளில் இரவில் ரேடியேட்டரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றும் வழக்கம் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் எதிலீன் கிளைகால் என்னும் திரவம் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. நீரும் அதுவும் சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரையில் உறையாது. கொதிநிலையும் உயரும், உடன் சேர்க்கும் மருந்துகள் துருவையும் தடுக்கும். எனவே இன்று ‘கூலண்ட்’ என்ற பெயரில் வெப்பமான ஊர்களிலும் அதனை ஊற்றுகிறார்கள். அதற்குப் பதிலாக ஆழ்கிணற்று உப்புநீரை ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போன்ற உப்புப் படிவம் ரேடியேட்டரின் குழாய்களை அடைத்துவிடும். கிளைகால் இனிப்பானது, ஆனால் நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டும் இடத்தில் அதனை வைத்தல் தகாது.

வண்டிக்குள் இருப்போரின் குளிரைப் போக்கவும் எஞ்சினின் வெப்பமே உதவிற்று. முற்காலத்தில் சூடான புகைக்குழாயைச் சுற்றியுள்ள காற்றை உள்ளே விட்டார்கள். குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், வெப்பத்துடன் கார்பன் மோனாக்ஸைடும் உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழவொட்டாமல் செய்துவிடும். எஞ்சினில் சுற்றும் வெந்நீரையே ஒரு சிறு ரேடியேட்டருக்குள் செலுத்தி, அதன்வழியே காற்றை வீசும் ஹீட்டர் 1920களில் தோன்றி அந்த முறையைப் பெரும்பாலும் அகற்றியது. எனினும், குளிர்கால இரவில் கதவுகளை அடைத்து எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்குவது இன்றும் உயிருக்கு ஆபத்தே.

ஹீட்டரும் ரேடியேட்டரும் ஒரே நீரைக் குடித்து வாழும் இரு சகோதரர்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, ஏர்கண்டிஷனரை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழு அளவில் வைத்தால், ஓரளவு வெப்பம் அவ்வழியே வெளியேறும். கோடையில் இது தண்டனையாகத் தோன்றலாம். ஆனால், பத்திரமான ஓரிடத்தில் வண்டியை நிறுத்தும் வரையில் எஞ்சினைக் காக்கும். ஹீட்டரில் கோளாறு என்றால் அதற்குச் செல்லும் இரு குழாய்களையும் எச்சரிக்கையுடன் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் சூடாக இருந்தால் குறை காற்றின் வழியில். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் உள்ளே அடைப்பு அல்லது வால்வில் பழுது. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால், பெரும்பாலும் நீர் குறைந்திருக்கும். அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கும்.

இனி, வண்டிக்குள் குளிர்காற்று வந்த வரலாறு. தொடக்க காலக் குளிர்சாதனங்களில் அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்களே இருந்தன. 1930இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க நிபுணர், நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான ஒரு வாயுவை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அறிஞர் கூட்டத்தில் அதனை மூச்சாக இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். அதுவே பிற்காலத்தில் மெக்கானிக்குகள் ‘ஆர்-12’ என்று அழைத்த வாயு.

1939இல் அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி, தன் 1940ஆம் ஆண்டு வண்டிகளில் குளிர்சாதனத்தைப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. குளிர்விக்கும் பகுதி பின்புறம் சாமான் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸரை வேண்டும்போது நிறுத்தும் கிளட்ச் இல்லாததால், குளிர் வேண்டாதவர் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்றவேண்டும்! சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1954இல் நாஷ் கம்பெனி மின்காந்தக் கிளட்சுடன் சாதனம் முழுவதையும் முன்புறத்திலேயே அமைத்து, இன்றைய முறைக்கு வழிவகுத்தது.

இம்முறையிலும் மண்பானையே மறைந்து நிற்கிறது. வண்டிக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் திரவம் ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது. கம்ப்ரஸர் அவ்வாவியை அழுத்துகிறது. ரேடியேட்டரின் முன்னே நிற்கும் கண்டென்ஸரில் அது வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகிறது. பானையின் நீர் காற்றோடு போய்விடுகிறது. இங்கே அதே பொருள் சுற்றிவருகிறது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது குளிர் குன்றினால், கண்டென்ஸருக்குக் காற்று தரும் விசிறியை ஐயுறல் வேண்டும். முதலில் நன்கு குளிர்ந்து, சிறிது நேரத்தில் காற்றே குன்றினால், உள்ளே இருக்கும் சுருளில் பனி உறைந்திருக்கலாம். எப்போதும் குளிர் குறைவென்றால், வாயு கசிந்திருக்கக்கூடும். வாயுவுடன் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து காட்டிக்கொடுக்கும்.

மூடிய சுற்றில் வாயு தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்ததென்றால் வெளியேறியிருக்கவேண்டும். ஆயினும், கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவதும், பழுதுபார்க்கும்போது மிச்ச வாயுவைக் காற்றில் திறந்துவிடுவதும் உலகெங்கும் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தன. நஞ்சில்லாத வாயு யாரை என்ன செய்யும் என்று எண்ணினார்கள். 1974இல் மொலினா, ரோலண்டு என்னும் விஞ்ஞானிகள் அதற்கு விடை கூறினர். அவ்வாயு சிதையாமல் வானின் உயர்மண்டலத்தை அடைந்து, அங்கே குளோரினை விடுவித்து, சூரியனின் கொடிய கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓஸோன் படலத்தை அழிக்கும் என்று அறிவித்தனர். 1985இல் தென்துருவத்தின் மேல் அப்படலம் மிகவும் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

மெக்கானிக்கின் தொழிலும் அதனால் மாறிற்று. புதிதாக வந்த ‘ஆர்-134ஏ’ வாயுவில் குளோரின் இல்லை. ஆகவே, கசியும் இடத்தில் சுடரைப் பச்சையாக மாற்றிக் காட்டும் பழைய விளக்கு பயனற்றுப் போயிற்று. பழைய எண்ணெயும் புதிய வாயுவுடன் கலக்காது. பழைய சாதனத்தில் புதிய வாயுவை நிரப்பிவிட்டால் போதும் என்று எண்ணியவர்களின் கம்ப்ரஸர்கள் எண்ணெயின்றித் தேய்ந்தன. இப்புதிய வாயு ஓஸோனைக் கெடுக்காது. ஆனால், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியை வெப்பமாக்கும். எனவே, அதன் வகையைச் சேர்ந்த வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா அதனை 2021இல் ஏற்றுக்கொண்டது.

வண்டியின் வெப்பத்தை வெளியே விட்டோம். வெளியே விட்டதெல்லாம் வெளியுலகில் எங்கோ இருந்தே தீரும் என்பதை உணர நமக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. ஆதலின், கோடை வருமுன் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுப்போர், ‘வாயு நிரப்ப என்ன கூலி?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடல் ஆகாது. ‘இருந்த வாயு எங்கே போயிற்று? மிச்ச வாயுவை யந்திரத்தில் மீட்டு எடுப்பீர்களா?’ என்றும் கேட்கவேண்டும். நல்ல தொழிலாளி அக்கேள்வியால் வருந்தமாட்டார். கசியும் மூட்டைத் தேடத் தொடங்குவார்.