தானா ரேஸ் ஆகுற பிக்கப்பும் கொஞ்சம் வரலாறும்

பழைய பிக்கப் டிரக் வெச்சிருக்கிற அமெரிக்க ஆசாமிங்க அடிக்கடி புலம்புற வியாதி ஒண்ணு உண்டு. சிக்னல்ல நிக்கும்போது, ஆக்ஸிலேட்டர்ல காலே வைக்காம, எஞ்சின் திடீர்னு தானா ஏறும். 700 ஆர்பிஎம்ல முணுமுணுத்துகிட்டு இருக்க வேண்டியது 1500, 1800ன்னு கத்தும். அணைச்சிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி இருக்கும். அடுத்த மூணு நாள் வராது. நாலாவது நாள் மழையில, அவசரத்துல, சரியா வரும். நம்ம ஊர்ல இதைத்தான் "வண்டி தானா ரேஸ் ஆகுது"ன்னு சொல்லுவோம்.

எப்பவும் ரேஸ் ஆகுற வண்டியைச் சரி பண்றது சுலபம். எப்பவாவது ஆகுற வண்டி இருக்கே, அதுதான் படுத்தும். மெக்கானிக் முன்னாடி நல்ல பிள்ளையா நடந்துக்கும். "சார், எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு சாவியைக் கையில குடுத்துடுவாங்க. அதைவிட மோசம், "உங்க கால் தெரியாம பட்டிருக்கும்"னு ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கே ஒரு பெரிய வரலாறு இருக்கு, பின்னாடி வர்றேன்.

முதல்ல அடிப்படை. பெட்ரோல் எஞ்சினோட வேகத்தைத் தீர்மானிக்கிறது அது உள்ள இழுக்கிற காத்துதான். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா திராட்டில்ங்கிற தகடு திறந்து காத்து உள்ள போகும், அதுக்கேத்த பெட்ரோலும் கூடப் போகும். காலை எடுத்தா தகடு மூடிக்கும். ஆனா முழுசா மூடினா எஞ்சின் நின்னுடும், அதனால துளியூண்டு காத்து கசிய வழி விட்டிருப்பாங்க. அதுதான் ஐடில். ஆக, கால் வைக்காம வண்டி ரேஸ் ஆகுதுன்னா எங்கேயோ கூடுதல் காத்து போகுதுன்னு அர்த்தம். எந்த வழியா, யார் அனுமதிச்சு? நூறு வருஷமா மாறிகிட்டே வந்தது இந்தக் கேள்விக்கான பதில்தான். ஃபோர்டு பிக்கப்பையே உதாரணமா எடுத்துக்கறேன், ஏன்னா எல்லாக் கட்டமும் அதுல இருக்கு.

1925ல ஃபோர்டு தன்னோட தொழிற்சாலையிலேயே செஞ்ச முதல் பிக்கப்பை, மாடல் டி மேல பெட்டி வெச்சு, 281 டாலருக்கு வித்தது. அதுல கால் ஆக்ஸிலேட்டரே கிடையாது! தரையில மூணு பெடல் உண்டு, ஆனா ஒண்ணு கியருக்கு, ஒண்ணு ரிவர்ஸுக்கு, ஒண்ணு பிரேக்குக்கு. திராட்டில் ஸ்டியரிங் பக்கத்துல கையால தள்ளுற ஒரு நெம்புகோல். எஞ்சின் வேகமா ஓடுதா? நீதான் தள்ளியிருக்க. கேஸ் முடிஞ்சது. குளிர்காலத்துல சோக்கை இழுக்கிறதும், எஞ்சின் சூடானதும் திருப்பி விடறதும் ஓட்டுறவர் வேலை. தொல்லைதான், ஆனா மர்மம் எதுவும் இல்லை.

அந்த வேலையை ஓட்டுறவர் கையிலேர்ந்து முதல்ல பிடுங்கினது ஆட்டோமேட்டிக் சோக். 1930கள்ல வந்தது. ரெண்டு உலோகத்தை ஒட்டிச் சுருட்டின ஒரு ஸ்பிரிங், குளிர்ல ஒரு பக்கம் முறுக்கிக்கும், சூட்டுல விட்டுக்கொடுக்கும். அதோட படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு குட்டித் தகடு சேர்ந்திருக்கும். குளிர்ல திராட்டில் மேல் படியில உக்காரும், எஞ்சின் சூடாக ஆக ஒவ்வொரு படியா இறங்கும். ஆனா தானா இறங்காது, ஆக்ஸிலேட்டரை லேசா ஒரு தட்டு தட்டணும். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது கைவந்த கலை: ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு அழுத்து, ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒரு தட்டு. தட்ட மறந்தாலோ, படித்தகட்டுல அழுக்கு பிடிச்சாலோ வண்டி கத்திகிட்டே இருக்கும். கார்புரேட்டர் பிக்கப்புல விட்டு விட்டு வர்ற ரேஸுக்கு இன்னிக்கும் முதல்ல பார்க்க வேண்டிய இடம் இந்தத் தகடும், திராட்டிலை இழுத்து மூடுற ஸ்பிரிங்கும்தான்.

அடுத்து வந்தது சட்டம். 1970 டிசம்பர் 31 அன்னிக்கு நிக்சன் தூய காற்றுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். கார் புகையில ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 90 சதவீதம் குறைக்கணும்னு உத்தரவு. 1975ல வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. ஃபோர்டு என்ன பண்ணுச்சு தெரியுமா? மொத்த எடை அளவு 6,000 பவுண்டுக்குக் கீழ இருக்கிற டிரக்குக்குத்தான் அந்த விதின்னு பார்த்து, அதுக்குக் கொஞ்சம் மேல வர்ற மாதிரி புதுசா ஒரு டிரக்கை இறக்குச்சு. அதுதான் எஃப்-150. அமெரிக்காவுல அமோகமா விக்கிற வண்டியோட பேரே ஒரு சட்டத்துல இருந்த சந்துக்குள்ள பொறந்தது :-) (அப்புறம் சில வருஷத்துல அந்தச் சந்தை அடைச்சுட்டாங்க.)

இதோட விளைவு பானெட்டுக்குள்ள தெரிஞ்சது. புகையைக் குறைக்க எங்க பார்த்தாலும் வேக்குவம் குழாய். காலை எடுத்ததும் திராட்டில் டக்குனு மூடினா புகை கூடுதுன்னு, அதை மெதுவா மூட வைக்க ஒரு தனிச் சாதனம். எஞ்சினை அணைச்ச பிறகும் சூட்டுல தானா ஓடிகிட்டே இருந்ததால, அதை நிறுத்த ஒரு சோலினாய்டு. எல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும். பதினஞ்சு வருஷம் எஞ்சின் சூட்டுல வெந்தா ரப்பர் வெடிக்கும், வெடிச்ச இடம் காத்து இழுக்கும். குளிர்ல விரிசல் திறக்கும், சூட்டுல மூடிக்கும், இல்லேன்னா நேர்மாறா. விட்டு விட்டு வர்றதுக்கு அருமையான ஏற்பாடு!

அப்புறம் கம்ப்யூட்டர். எஃப்-150ல வி8 எஞ்சினுக்கு 1985லயும், பேர்போன 4.9 லிட்டர் ஆறு சிலிண்டருக்கு 1987லயும் எலக்ட்ரானிக் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வந்தது. சோக், படித்தகடு, தட்டுற வித்தை எல்லாம் ஒரே அடியில காலி. அதுக்குப் பதிலா மூடின திராட்டிலைச் சுத்திப் போற ஒரு கிளை வழி, அதுல மின்சாரத்தால திறந்து மூடுற ஐடில் ஏர் வால்வு. எவ்வளவு திறக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். எஞ்சின் எவ்வளவு சூடு, திராட்டில் எந்த நிலையில இருக்குன்னு சென்சார்கள் அதுக்குச் சொல்லும்.

இங்கதான் விஷயம் அடியோட மாறுது. இதுக்கு முன்னாடி வரை ரேஸ் ஆனா, ஏதோ ஒரு பொருள் சிக்கியிருக்கு, கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். இப்போ எந்தப் பொருளும் சிக்காமலேயே, கம்ப்யூட்டர் தப்பா "நம்பி" காத்தைத் திறந்துவிடலாம். சூட்டைச் சொல்ற சென்சாரோட கனெக்டர் லூஸா இருந்தா எஞ்சின் பனியில உறைஞ்சு கிடக்குன்னு நினைச்சு ஐடிலை ஏத்தும். திராட்டில் சென்சார் கதை இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்து ஃபோர்டு கம்ப்யூட்டர், சாவி போட்டதுலேர்ந்து தான் பார்த்த மிகக் குறைஞ்ச வோல்டேஜைத்தான் "திராட்டில் மூடியிருக்கு"ன்னு வெச்சுக்கும். வழக்கமா அது ஒரு வோல்ட் பக்கம் இருக்கும். தேஞ்ச சென்சார் ஒரு கணம் அதைவிடக் கீழ ஒரு பொய் சொல்லிட்டா போச்சு. அப்புறம் உண்மையான அளவு வரும்போது, கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்குன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணி ஐடிலைக் கவனிக்கிறதையே விட்டுடும். அணைச்சுப் போட்டா அந்தக் கணக்கு அழிஞ்சு புதுசா ஆரம்பிக்கும். ஒர்க்‌ஷாப் வாசல்ல அணைச்சுட்டு உள்ள போறோமா, சாட்சியை நாமே அழிச்சுட்டுத்தான் போறோம்.

எங்க ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட 1990 மாடல், அந்த ஆறு சிலிண்டர் இருந்தது. ரேஸ் ஆகுதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டார். அங்க இருந்த பெரியவர் கார்புரேட்டர் காலத்துக் கை. திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் குறைச்சுட்டார். அவர் பழகின எஞ்சின்ல அது சரியான வைத்தியம். இதுல என்ன ஆச்சு? கம்ப்யூட்டர் அதை ஈடுகட்டப் பார்த்தது, வால்வு ஒரு எல்லைக்கு மேல திறக்க முடியாம, காலையில எஞ்சின் நிக்க ஆரம்பிச்சது. ரேஸும் போகலை. கடைசியில வியாதி திராட்டில் சென்சார்தான். அது தெரிஞ்சதே, வோல்ட் மீட்டரை ஒயரோட ரெண்டு நாள் கட்டி வெச்சு ஓட்டினதாலதான்.

இந்த மாதிரி வண்டிக்குப் பழைய ஆளுங்க சொல்ற ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரேஸ் ஆகும்போதே, அணைக்காம, ஐடில் ஏர் வால்வோட பிளக்கைக் கழட்டணும். கரண்ட் போனா வால்வு மூடிக்கும். எஞ்சின் இறங்கினா காத்து அது வழியா வந்திருக்கு, கம்ப்யூட்டர் கேட்டுதான் வந்திருக்கு, அப்போ சென்சாரைப் பாரு. இறங்கலைன்னா ஒண்ணு வால்வே கரி பிடிச்சுச் சிக்கியிருக்கு, இல்லை காத்து வேற வழியில வருது: குழாய், கேஸ்கட், பிரேக் பூஸ்டர், மூடாத திராட்டில் கேபிள். பிரேக்கை மிதிக்கும்போது ஐடில் மாறுதுன்னா பூஸ்டர் மேல சந்தேகம். (விரிசலைத் தேட எரியுற ஸ்ப்ரேயைச் சூடான எஞ்சின் மேல அடிக்கிற வழக்கம் ஒண்ணு இருக்கு. வேணாம், புகை விட்டுப் பார்க்கிற மெஷின் இருக்கு.) கரி சுத்தம் பண்றதுலயும் கவனம் வேணும், அந்தக் காலத்து ஃபோர்டு திராட்டில் பல பேர்ல சுத்தம் பண்ணாதேன்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். உள்ள அழுக்கு ஒட்டாத பூச்சு, அதைத் தேய்ச்சு எடுத்துட்டா போச்சு.

இப்போ அந்தப் பார்வைக்கு வர்றேன். இதே மாதிரி ஐடிலைக் கட்டுப்படுத்துற ஒரு வால்வு 1980கள்ல ஆடி 5000 கார்ல இருந்தது (ஆடி மாசம் இல்லீங்க, ஜெர்மன் கார்). வண்டி தானா பாயுதுன்னு நூத்துக்கணக்குல புகார். 1986 நவம்பர் 23 அன்னிக்கு சிபிஎஸ் டிவியோட '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில வந்தது. ஆறு வயசு மகனைத் தன் கார் சக்கரத்துக்கே பறிகொடுத்த ஒரு அம்மா அதுல பேசினாங்க. பெடல் தானா கீழ போற மாதிரி ஒரு காட்சியும் காட்டினாங்க, ஆனா அது கியர்பாக்ஸ்ல துளை போட்டு வெளியிலேர்ந்து அழுத்தம் குடுத்து வரவழைச்சது. 1985ல அமெரிக்காவுல 74,061 கார் வித்த ஆடி, 1991ல 12,283க்கு விழுந்தது.

1989ல அரசாங்கத்தோட சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆய்வறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான விபத்துகள்ல ஓட்டினவர் பிரேக்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்கார்னு முடிவு. "பார்த்தியா, கார் மேல தப்பில்லை"ன்னு இன்னிக்கும் சொல்றவங்க இதோட நிறுத்திக்குவாங்க. அதே அறிக்கையில இன்னொரு பாதியும் இருக்கு: ஆடியோட ஐடில் சாதனத்துல கோளாறு வர வாய்ப்பு இருந்தது, அது ஐடிலை எகிற வெச்சுக் கொஞ்ச நேரம் வண்டியை எதிர்பாராம முன்னால தள்ளியிருக்கலாம், அந்தத் திடுக்கிடல்ல கால் தப்பான பெடலுக்குப் போயிருக்கலாம். டிவி ஒரு பாதியைப் பிடிச்சுகிட்டது, கம்பெனிக்காக வாதாடினவங்க இன்னொரு பாதியைப் பிடிச்சுகிட்டாங்க. நடுவுல மாட்டினது, "வண்டி தானா ஏறுச்சு"ன்னு உண்மையைச் சொன்ன ஆளுங்க. என்னைக் கேட்டா, ஐடில் புகாரை மனப்பிரமைன்னு தள்ளுற பழக்கத்துக்கு இந்த வழக்கைவிட நல்ல மறுப்பு கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர்ல, டி-யில நிக்கிற வண்டிக்கு ஐடில் எகிறுறது வெறும் சத்தம் இல்லை, அது ஒரு தள்ளு.

நல்ல விளைவும் வந்தது. பிரேக்கை மிதிச்சாத்தான் பார்க்கிலேர்ந்து கியரை நகர்த்த முடியும்ங்கிற பூட்டை ஆடி திரும்பப் பெற்ற கார்கள்ல பொருத்திக் குடுத்தது. மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. 2010 செப்டம்பர்லேர்ந்து அமெரிக்காவுல தயாராகிற ஆட்டோமேட்டிக் கார், பிக்கப்புக்கெல்லாம் அது கட்டாயம்.

1996 மாடலோட அந்த ஆறு சிலிண்டர் எஃப்-150லேர்ந்து போச்சு. 2004ல வந்த எஃப்-150ல கேபிளும் போச்சு, ஐடில் வால்வும் போச்சு. திராட்டில் தகட்டைக் கம்ப்யூட்டரே ஒரு மோட்டாரால திருப்புது, ஐடில் கூடினா பி0507ன்னு ஒரு எண்ணைப் பதிஞ்சு வெக்குது. அந்த மோட்டாருக்குக் கரண்ட் போயிட்டா தகடு முழுசா மூடாது, ஒரு ஸ்பிரிங் அதை லேசாத் திறந்து நிறுத்தும். எஞ்சின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமா ரேஸ் ஆகிகிட்டு இருக்கும். ஓட்டுறவர் வண்டியை ஊர்ந்தாவது ஓரமா ஒதுக்கணும் இல்லையா, அதுக்காக வேணும்னே அப்படிச் செஞ்சிருக்காங்க.