டிராக்மா இல்லாத கிரீஸ்

ஏற்றுமதி படுத்தபோது கிரீஸ் 1983-லும் 1985-லும் தன் டிராக்மாவின் மதிப்பைக் குறைத்தது. கிரேக்கப் பொருள் வெளிநாட்டில் மலிவானது. 2001-ல் யூரோவில் சேர்ந்ததும் அந்த வழி அடைபட்டது.

2009 இறுதியில் கடன் நெருக்கடி வெடித்தபோது, பொருளை மலிவாக்க மிச்சமிருந்தது கூலிக் குறைப்புதான். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 ஆனது. 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு 511தான்.

பாடப்புத்தகப்படி இனி வேலை பெருக வேண்டும். ஆனால் 2013-ல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. ஏன்? சம்பளம் குறைந்த வேகத்தில் கடைகளில் விலை குறையவில்லை. வாங்கிய கடனோ அப்படியே நின்றது. மக்கள் செலவைச் சுருக்கினார்கள், கடைக்காரர் ஆளைக் குறைத்தார்.

அயர்லாந்தும் 2010-ல் அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டியது. அங்கேயும் வேலையின்மை 15 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் உலகத்துக்கு விற்க மருந்தும் சாஃப்ட்வேரும் இருந்ததால் சீக்கிரம் மீண்டது.

ஆக, வளைந்து கொடுக்கும் கூலி அதிர்ச்சியைத் தாங்கும் என்பது பாதி உண்மை. விற்கச் சரக்கும் கடனில் தளர்வும் இல்லாவிட்டால், அந்த அடியைத் தாங்குவது சம்பளக்காரர் வீட்டு அடுப்புதான்.